ரெய்டு படத்தில் இல்லாத பெட்டி

சென்னை மாநகரக் காவல் ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா.

சூதாட்ட ரெய்டு என்றால் பேப்பரில் வரும் படம் எப்போதும் ஒன்றுதான். விசிறி போல விரித்த சீட்டுக்கட்டு, அடுக்கி வைத்த ஐந்நூறு ரூபாய் நோட்டுகள், வரிசையாகச் செல்போன்கள், பின்னால் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு பத்துப் பதினொரு பேர். அந்தப் படங்களில் நான் தேடுவது ஒரு பெட்டியை. சாம்பல் நிறம், ஷூ டப்பா அளவு, சின்னப் பூட்டுப் போட்டிருக்கும். இதுவரை ஒரு படத்திலும் அது கண்ணில் பட்டதில்லை.

இரண்டு வருஷம் அந்தப் பெட்டியை நிரப்பியவன் நான். ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு அடுக்குமாடியின் மேல்தளத்தில் நடந்த போக்கர் கிளப்பில் சீட்டுப் போடும் டீலராக இருந்தேன். அதற்கு முன்னால் கோவாவில், மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல் ஒன்றில் வேலை. அங்கே ஆட்டத்துக்கு லைசென்ஸ் உண்டு, தலைக்கு மேல் கேமரா உண்டு; இரண்டு கையையும் தட்டி விரித்துக் காட்டாமல் மேஜையை விட்டு எழ முடியாது. ஊர் திரும்பியதும் இந்தக் கிளப்பை நடத்தும் அண்ணன் கூப்பிட்டார், போனேன். அந்தக் கிளப்பில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான், நானும் அப்படியே எழுதுகிறேன். செய்தது குற்றம் என்று தெரிந்தேதான் செய்தேன்.

ஆட்டம் நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒன்பது மணிக்கு லொகேஷன் வரும், பத்து மணிக்கு மேஜை நிறையும். கையில் இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து சீட்டு. பணத்துக்குப் பதில் சிப்ஸ் (நேந்திரங்காய் சிப்ஸ் இல்லை, களிமண் வில்லை). ஒவ்வொரு கை, அதாவது ஒரு சுற்று ஆட்டம், முடிந்ததும், ஜெயித்தவர் பக்கம் குவியலைத் தள்ளும் முன்னால், அதிலிருந்து சில வில்லைகளை எடுத்து மேஜையில் வெட்டியிருக்கும் துளை வழியாகக் கீழே போடுவேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். அதுதான் ரேக், அண்ணனின் பங்கு. அந்தச் சத்தம் ஜெயித்தவர் காதில் விழாது, தோற்றவருக்கு அதைக் கேட்கும் நிலை இருக்காது.

கணக்குப் பாருங்கள். ஒன்பது பேர், தலைக்கு 20,000 என்றால் மேஜையில் 1,80,000. மணிக்கு 25 கை, எட்டு மணி நேரத்தில் 200 கை. கைக்குச் சராசரி 200 ரூபாய் ரேக் என்று வைத்தால், விடியும்போது பெட்டிக்குள் 40,000. அதே ஒன்பது பேர் வேறு பணம் கொண்டுவராமல் தினமும் ஆடினால் ஐந்தாவது இரவு முடியும் முன்பே மேஜை துடைத்துவிடும். யார் கெட்டிக்காரர், யார் ஏமாளி என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஆனால் மேஜை துடைந்துபோக அண்ணன் விடமாட்டார். அதற்குத்தான் நோட்டு. நீலக் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. மருந்துக்கடைக்காரர் ஒருவர் வருவார், வரும்போதெல்லாம் எங்களுக்கு ஜெலுசில் அட்டை கொண்டுவருவார். ஒரு ராத்திரி இரண்டு மணி சுமாருக்குக் கையில் எதுவும் மிச்சமில்லாமல், கடைச் சாவிக்கொத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். அண்ணன் அதை அவர் பக்கமே நகர்த்தி, “சாவி எதுக்கு சார், நம்மகிட்ட நோட்டு இருக்குல்ல” என்று சிரித்துக்கொண்டே எழுதினார். வாரத்துக்குப் பத்து வட்டி. ஏழெட்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். கடை இருந்தது. போர்டில் வேறு பெயர்.

இனி ரெய்டு. நான் இருந்த காலத்தில் ஒரே ஒரு தடவை நடந்தது. அன்று எனக்கு லீவு. போலீஸ் லிஃப்டில் ஏறும் முன்பே வாட்ச்மேன் இன்டர்காமில் சொல்லிவிட்டார். வாட்ச்மேனுக்கு யார் சொன்னார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். பெட்டியும் நோட்டும் காலி பிரியாணி அண்டாவுக்குள் போய்ப் பின்படிக்கட்டு வழியாக இறங்கின. பிடிபட்டவர்கள் ஆடினவர்களும் டீ கொடுக்கிற இரண்டு பையன்களும். ஆடினவர்கள் அபராதம் கட்டிவிட்டு அடுத்த சனிக்கிழமையே வந்தார்கள். பையன்களில் ஒருவன் வெளிமாநிலம், ஜாமீன் கொடுக்க இங்கே ஆளில்லை. அவன் வெளியே வரத்தான் நாளானது. அண்ணன் பெயர் எஃப்.ஐ.ஆரில் இல்லை. வாடகை ஒப்பந்தம் வேறு யாரோ பெயரில் இருந்தது.

அவர் சட்டத்துக்குப் பயப்படாததற்கும் காரணம் உண்டு. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழக அரசின் ஆன்லைன் சூதாட்டச் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று பட்டியலிட்டதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பின் முதல் பக்கத்தை லேமினேட் செய்து பாத்ரூம் போகும் வழியில் மாட்டியிருந்தார். அது ஆன்லைன் வழக்கு, அறைக்குள் நடக்கும் ஆட்டத்தைப் பற்றியதில்லை என்று யார் கேட்கப்போகிறார்கள்? ‘திறமை ஆட்டம் சார்’ என்பார், வந்தவர் தலையாட்டுவார்.

ஆனால் வக்கீல்கள் 1968 வழக்கு என்று சொல்லும் ஆந்திர அரசு – சத்தியநாராயணா வழக்கு, செகந்திராபாத் கிளப் ஒன்றில் ஆடிய ரம்மியைப் பற்றியது. அதில் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. கூடவே, கிளப் நடத்துபவர் அந்த ஆட்டத்திலிருந்தே லாபம் எடுக்கிறார் என்று காட்டினால் குற்றம் நிற்கும் என்றும் சொல்லியிருக்கிறது. சீட்டுக்கும் இடத்துக்கும் வாங்கும் சாதாரணக் கட்டணம் வேறு, ஒவ்வொரு கையிலும் பிய்த்து எடுப்பது வேறு. உங்கள் கையிலுள்ள 1888-ஆம் வருஷத்து மாநகரக் காவல் சட்டமும் சூதாட்ட வீடு என்பதை நடத்துபவரின் லாபத்தை வைத்துத்தானே அடையாளம் காட்டுகிறது? அந்த லாபம் பெட்டியில் இருக்கிறது ஐயா. பெட்டி இல்லாமல் சீட்டுக்கட்டை மட்டும் கோர்ட்டுக்குக் கொண்டுபோனால், திறமையா அதிர்ஷ்டமா என்ற பட்டிமன்றம்தான் நடக்கும்.

நோட்டு கிடைத்தாலோ 2003-ஆம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டமே போதும். அங்கே எது திறமை என்று யாரும் வாதாட முடியாது. அண்ணன் பெயரில் பணம் போகாது. டிரைவர், மச்சான், சமையல்காரர் என்று நாலைந்து பேரின் ஜிபே எண்கள். ராத்திரி பன்னிரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு சமையல்காரர் கணக்கில் இருபதாயிரம் இருபதாயிரமாக ஏன் விழுகிறது என்று கேட்க உங்களிடம் ஆள் இருக்கிறார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், 2025 ஆகஸ்ட் 22 அன்று ஆன்லைன் பணவிளையாட்டுத் தடைச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்ததையொட்டி பெரிய ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன. அந்தத் தடை எனக்குச் சம்மதமே. ஆனால் போனில் ஆடிய விரல்கள் சும்மா இருக்குமா? பழைய டீலர் நண்பர்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், சனிக்கிழமை ஒரு மேஜை ஓடிய இடத்தில் இப்போது மூன்று ஓடுகிறது. எனக்கே இரண்டு தடவை அழைப்பு வந்தது, முன்பைவிட இரண்டு மடங்கு சம்பளத்துக்கு.

பெயர் போடாமல் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். சாட்சியாக என்னை ஏற்றுக்கொள்வதாக இருந்தால் என் வக்கீல் மூலம் நேரில் வந்து வாக்குமூலம் தருவேன். குற்றவாளியாகச் சேர்த்தாலும் மறுக்க என்னிடம் வார்த்தை இல்லை.

அதுவரை ஒரு தகவல். அண்ணனின் மேஜைக்குக் கால்கள் மடங்கும். நிமிர்த்தி வைத்தால் லிஃப்டில் போகும், மேலே பெட்ஷீட்டைச் சுற்றினால் கட்டில் பலகை மாதிரி இருக்கும். துளை இடது கை ஓரத்தில், டீலர் நாற்காலிக்கு நேராக. ரெய்டுக்குப் போகிறவர்கள் முதலில் மேஜைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். அப்புறம் சமையல்கட்டு அண்டாவையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் டீலர்