மல்லிக்கு: 18 பவுண்டு வில்லோடு மறுபடியும்

மண்டபம்,
ஞாயிறு காலை

அன்பு மல்லி,

வில்லை மறுபடி எடுத்துவிட்டேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "ஐயோ, தோள்!" என்று ஆரம்பித்துவிடுவாய், நான் சொல்ல வந்தது அங்கேயே நின்றுபோகும். அதனால்தான் கடிதம். முழுக்கப் படி, அப்புறம் திட்டு.

அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தம்பியின் பிளஸ் டூ மார்க்கைப் பார்த்தேன், ரொம்ப சந்தோஷம். அந்தக் கணக்கு மார்க் கண்டிப்பாக உன் பக்கத்து ரத்தம் இல்லை. இங்கே எல்லோரும் நலம். தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டன, கரையில் பழைய கலகலப்பு திரும்பிவிட்டது. புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் போவதைப் பார்க்க வருகிறேன் என்று போன வருஷமே சொன்னாய். ஜவ்வரிசி என்று நாம் கூப்பிடுவோமே, அவள்கூடக் குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். உனக்குத்தான் நேரம் வரமாட்டேன் என்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தோளைச் சுற்றிப் பிடித்திருக்கிற நான்கு தசைகளில் மேலே இருப்பது சுப்ராஸ்பினேட்டஸ். அதன் தசைநாண்தான் எனக்குக் கிழிந்திருந்தது. முதலில் போன இடத்தில் ஸ்கேன்கூட எடுக்காமல் "ஃப்ரோஸன் ஷோல்டர்" என்று சொல்லி மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. மதுரையில் எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் கிழிசல் தெரிந்தது. சின்னத் துளைகள் போட்டு, எலும்பில் பிடிமானம் பதித்து, நூலால் இழுத்துக் கட்டினார்கள். ஆபரேஷனை எப்படியோ தாங்கிவிட்டேன், அதற்குப் பிறகு காத்திருந்ததுதான் பெரும்பாடு. எலும்போடு தசைநாண் ஒட்ட அது தன் போக்கில்தான் நேரம் எடுக்கும், யார் சொன்னாலும் அவசரப்படாது. முதல் ஆறு வாரம் கை தூளியில். நானாகக் கையைத் தூக்கக் கூடாது, பிசியோதான் தூக்கிவிட வேண்டும். மூன்று மாதம் ஆன பிறகுதான் ரப்பர் பட்டையைக் கையில் கொடுத்தார். வலி முதலில் போய்விடும், ஒட்டு அதற்கப்புறமும் பச்சையாகத்தான் இருக்கும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த நாட்களில் தலை பின்ன முடியவில்லை. அத்தைதான் பின்னிவிட்டார். ராத்திரி சாய்ந்து உட்கார்ந்தபடியே தூக்கம். இனி வில் எனக்கு இல்லை என்று அப்போது முடிவே கட்டிவிட்டேன் மல்லி. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்கூட.

டாக்டர் சரி என்றதும் வில்லின் நடுப்பிடியை, அந்த ரைசரை, வெளியே எடுத்தேன். காரைக்குடி ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் நீயும் நானும் ஒளித்துவைத்தோமே, அதே ரைசர். அதிலிருந்த லிம்பை, முழுசாக இழுத்தால் 38 பவுண்டு கனக்கிற அந்த வளையும் கைகளை, கழற்றிவிட்டு 18 பவுண்டு மாட்டினேன். பேப்பர் ஒட்டாத டார்கெட்டுக்கு முன்னால் ஐந்து மீட்டரில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். நெஞ்சு அடித்ததைச் சொல்லவா வேண்டும்! கை வலிக்கவில்லை. அம்பு விட்ட பிறகும் வலிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் நான் உனக்குச் சொல்ல வேண்டியது. 38 பவுண்டில் இழுக்கும்போது கடைசி அங்குலம் எப்படிப் போனது என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. இழுப்பு முழுசானதும் 'டிக்' என்கிற கிளிக்கரின் சத்தம் கேட்டால் போதும், விரலை விட்டுவிடுவேன். இப்போது கனம் குறைந்ததும் உள்ளே நடப்பது எல்லாம் தெரிகிறது. தோள் காதுப் பக்கம் ஏறினால் உடனே தெரிகிறது. முழங்கை பின்னால் சுற்றி வரும்போது தோள்பட்டை எலும்பு முதுகெலும்பை நோக்கி நகர்வது தெரிகிறது. எங்கள் ஊரில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறாயே: கால்களை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பார்கள், கை கயிற்றைப் பிடிக்க மட்டும்தான். வில்லிலும் அப்படித்தான். விரல்கள் கொக்கி, வேலை முதுகுக்கு. இதைப் புத்தகத்தில் எத்தனையோ தரம் படித்திருக்கிறேன், என் உடம்பு இப்போதுதான் ஒத்துக்கொண்டது.

இதனால்தான் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

வெளியூர் கேம்ப் ஒன்றுக்குப் போய்வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் 30 பவுண்டு வில்லோடு திரும்பினாள். அங்கே இருந்த பயிற்சியாளர் "பவுண்டை ஏத்து, அப்பதான் மெடல்" என்றாராம். அவள் இழுக்கிறதைப் பார்த்தேன். இடுப்பு முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது, தோள் காதைத் தொடுகிறது, நாண் முகத்துக்கு வருவதற்குப் பதில் முகம் நாணைத் தேடிப் போகிறது. பதினான்கு வயது! எலும்பு நுனிகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற வயதில் இது என்ன வேலை? நீயே கணக்குப் போட்டுப் பார். போட்டியில் வரிசையை முடிவு செய்யும் 70 மீட்டர் ரேங்கிங் ரவுண்டில் பெரியவர்கள் விடுவது 72 அம்பு. 40 பவுண்டு என்றால் 18 கிலோ. ஒரு ரவுண்டுக்கே கிட்டத்தட்ட 1300 கிலோவை அந்த ஒரு தோள் இழுக்கிறது. பயிற்சியில் அதைப் போலப் பல மடங்கு. வளர்ந்த தோளே கிழிகிற இடத்தில் பிள்ளையின் தோள் என்ன ஆகும்?

பையன்களோ இன்னும் மோசம். போன மாதம் தனுஷ்கோடி ரோட்டிலிருக்கிற கோதண்டராமர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். 1964 புயலில் தனுஷ்கோடியே அழிந்தபோதும் தப்பி நின்ற கோயில் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஏழாம் வகுப்புப் பொடியன் ஒருத்தன் கையைத் தூக்கி, "டீச்சர், ராமர் வில் எத்தனை பவுண்டு?" என்கிறான். சிரித்து முடிக்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஆனால் அவர்களுக்குள் பெருமை முழுக்க அந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது என்பதைக் கவனித்தாயா?

அதனால் ஒரு விதி வைத்துவிட்டேன். முழுசாக இழுத்து அரை நிமிஷம் நடுங்காமல் நிறுத்த முடியாத வில்லை என் மைதானத்தில் யாரும் தொடக் கூடாது. அந்தப் பெண் முகத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள், நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே கனத்தில் விட்டோம். டீச்சரும் 18 பவுண்டுதான் என்று தெரிந்ததும் அவளுக்கு வெட்கம் போய்விட்டது.

கப்பி வைத்த காம்பவுண்டு வில்லுக்கு மாறிவிடு என்று நீ சொல்லப்போகிறாய். 2028 ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு இரட்டையர் வருகிறது, முழுசாக இழுத்த பிறகு பெரும்பகுதிக் கனத்தைக் கப்பியே தாங்கிக்கொள்ளும், எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நடுவில் வரும் அந்த உச்சக் கனத்தைத் தோள் தாண்டித்தானே ஆக வேண்டும்? தவிர, எனக்குப் பிடித்தது கப்பியில்லாத இந்த ரிக்கர்வ் வில்தான். இதற்குமேல் வாதம் வேண்டாம்.

70 மீட்டர் எப்போது என்று கேட்காதே. இந்தக் கனத்துக்கு, குறிபார்க்கிற சைட்டை எவ்வளவு இறக்கினாலும் 70 எட்டாது. இப்போது 30 மீட்டர். கச்சான் காற்று வேறு. மெதுவாகப் போகிற அம்பு காற்றில் அதிக நேரம் இருக்கும், அதிகமாகத் தள்ளப்படும். விடிந்ததும் மைதானத்துக்குப் போய், காற்று எழும்புவதற்குள் முடித்துவிடுகிறோம். இந்த வருஷம் 22 பவுண்டுக்குப் போவேன், பிசியோ சரி என்றால். 70 இனி வராமலே போகலாம். போகட்டும் மல்லி, காலையில் பிள்ளைகளோடு கோட்டில் நிற்கிறேனே, அதற்கே ஏங்கிக் கிடந்தவள் நான்.

கடைசியாக ஒரு காரியம். உன் வீட்டுப் பரணில் பழைய லிம்ப் ஜோடிகள் கிடக்கின்றனவே, 16ம் 20ம், அவற்றை எனக்கு அனுப்பு. இங்கே இருப்பது எல்லாம் கனமான வில், பிள்ளைகளோ ஒரே ஜோடி 18ஐ மாற்றி மாற்றி மாட்டுகிறார்கள். அவை ஐஎல்எஃப் என்கிற பொதுப் பொருத்து முறை லிம்ப்தான், எங்கள் ரைசரில் அப்படியே பொருந்தும். மேலே போட்டிருக்கும் எண் 28 அங்குல இழுப்புக்கு. சின்னக் கைகளுக்கு அதைவிடக் குறைவாகத்தான் வரும், அதுவே எனக்கு வேண்டியது. அனுப்புவதற்கு முன் நுனியிலிருந்து ஒரு கண்ணால் பார், முறுக்கியிருக்கக் கூடாது. ஓரங்களில் விரலை ஓட்டிப் பார், ஒட்டு விட்டிருந்தால் அந்த ஜோடியை அனுப்பாதே, இழுக்கும்போது உடைந்து முகத்தில் அடிக்கும். பரணில் தகரச் சூடு வேறு, அதனால் நன்றாகப் பார்.

பள்ளிக்கூட முகவரிக்கே பார்சல் போடு. ஏணியில் தம்பியை ஏறச் சொல், நீ கீழே நின்று பிடித்துக்கொள். இந்த வாரமே செய்.

உன்
சாந்தி