கொடைக்கானலுக்குக் கிளம்பும் லென்ஸ்காரர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து கடையில் இதே பேச்சுத்தான்: மன்னவனூரில் டென்ட், கும்பக்கரையில் குளியல். நன்றாகப் போய்வாருங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் மட்டும் இதைப் படித்துவிட்டுப் பையைக் கட்டுங்கள்.

போன வருடம் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் வந்தார். டென்ட்டில் இருட்டுக்குள் லென்ஸ் டப்பா கையில் சிக்கவில்லையாம். பாட்டில் மூடியில் சுனைத் தண்ணீரை ஊற்றி, லென்ஸை அதில் போட்டு வைத்துக் காலையில் மாட்டியிருக்கிறார். "பளிங்கு மாதிரி தண்ணிண்ணே" என்றார். இடது கண் செக்கச்செவேல். டியூப் லைட் வெளிச்சமே தாங்காமல் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நின்றார். நாங்கள் தொடாமல் நேரே கண் மருத்துவரிடம் அனுப்பினோம். நல்லவேளை, கருவிழி தப்பியது.

தண்ணீரின் தெளிவை நம்பாதீர்கள். சுனை, கிணறு, குழாய், கேன் எதுவானாலும் லென்ஸுக்கு ஆகாது. அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் ஆற்றுத் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் இருக்கக்கூடும். வெறும் கண்ணில் பட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. லென்ஸில் ஒட்டிக்கொண்டால் கருவிழியோடு ஒட்டி உட்கார்ந்துவிடும். அது கிளப்பும் புண்ணை ஆற்ற மாதக்கணக்கில் மருந்து விட வேண்டியிருக்கும். எச்சில் தொட்டு மாட்டும் பழக்கமும் வேண்டாம். அருவியில் இறங்குமுன் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். மறந்து நனைந்துவிட்டால் உடனே கழற்றி, குப்பையில் போடுங்கள்.

அதனால்தான் இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு ஒருநாள் லென்ஸையே சிபாரிசு செய்கிறோம். காலையில் புதுசு, ராத்திரி குப்பை; டப்பாவும் வேண்டாம், லென்ஸை ஊறவைக்கும் சொல்யூஷனும் வேண்டாம். மாத லென்ஸ்தான் என்றால் ஒவ்வொரு இரவும் பழைய சொல்யூஷனைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். மிச்சத்தின் மேலேயே ஊற்றினால் கிருமி சாகாது.

லென்ஸோடு தூங்கவே கூடாது, பஸ்ஸில் ராத்திரிப் பயணம் உட்பட. கருவிழி காற்றிலிருந்துதான் ஆக்சிஜன் எடுக்கிறது. மூடிய இமைக்குள் லென்ஸும் இருந்தால் அதற்கு மூச்சு முட்டும், கிருமி எளிதாகப் பற்றும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே லென்ஸைத் தொடுங்கள். முதலில் லென்ஸ், அப்புறம் கொசு கிரீம். சமையல் உங்கள் பொறுப்பென்றால் மிளகாய் கிள்ளுவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். சோப்புப் போட்டாலும் அந்தக் காரம் விரலை விட்டு லேசில் போகாது, பட்டவர்களுக்குத் தெரியும். நெருப்பு மூட்டி உட்கார்ந்தால் லென்ஸ் உருகிக் கண்ணில் ஒட்டிக்கொள்ளும் என்று சுற்றுவது வெறும் புரளி. புகை உறுத்தும், அவ்வளவுதான். அந்த நேரத்துக்குக் கண்ணாடி போதும். சரியான பவரில் ஒரு கண்ணாடி பையில் கட்டாயம் இருக்கட்டும்.

வலி, சிவப்பு, மங்கல், கூச்சம் எது வந்தாலும் லென்ஸைக் கழற்றுங்கள். பன்னீர் விடாதீர்கள், மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் முற்றிவிடும். கழற்றிய லென்ஸை டப்பாவோடு மருத்துவரிடம் கொண்டுபோங்கள், கிருமியைக் கண்டுபிடிக்க அது உதவும்.

ஒருநாள் லென்ஸ் எல்லாப் பவரிலும் கைவசம் இருக்காது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே சொன்னால் வரவழைத்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கண்ணாடிக் கடை, மதுரை