வடிகட்டியைத் தினமும் ஊதாதே

கோயம்புத்தூர்,
ஆடி 12

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். தாயும் சேயும் நலமாக இருக்கிறார்கள் என்பது பெரிய நிம்மதி. ஆனால் அடுத்த பக்கத்தில் டிராக்டரைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை, ஓடிய நேரம் 1,400 மணியைத் தாண்டவில்லை, அதற்குள் எஞ்சினுக்குள் கசியும் வாயுவை வெளியே விடும் புரீதர் குழாயில் புகை தள்ளுகிறது, இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது, ஹெட்டைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், அது உரசியோடும் சிலிண்டரின் உட்சுவரான லைனரும் தேய்ந்துவிட்டன என்கிறார் என்றால், எஞ்சினுக்குள் புழுதி போயிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தினமும் சாயங்காலம் ஏர் ஃபில்டரைக் கழற்றி, பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் காற்றடித்துச் சுத்தம் செய்துதானே மாட்டினேன், பிறகு எப்படிப் போயிற்று என்று கேட்டிருந்தாய். நீ தினமும் சுத்தம் செய்ததால்தான் போயிற்று என்பது என் கணிப்பு. இதைப் படித்தால் உனக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரிந்தும் எழுதுகிறேன். ரிங் மாற்றிய பிறகும் இதே பழக்கம் தொடர்ந்தால் புது ரிங்கும் அதே கதிக்கு ஆளாகும்.

முதலில் அந்த எஞ்சின் எவ்வளவு காற்றைக் குடிக்கிறது என்று கணக்கிட்டுப் பார். உன்னுடையது மூன்று சிலிண்டர், சுமார் 2.7 லிட்டர் கொள்ளளவு. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் மூச்சை இழுக்கிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்றில், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை ஓட்டும்போது, சிலிண்டர் முழுவதும் நிரம்புவதில்லை என்பதைக் கழித்தாலும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,300 லிட்டர் காற்று உள்ளே போகிறது. பத்து மணி நேர வேலைக்கு அது சுமார் 1,400 கனமீட்டர். நீளம், அகலம், உயரம் எல்லாம் பத்தடி உள்ள ஓர் அறையைப் போல ஐம்பது அறைகளின் காற்று. காற்றில் ஒரு கனமீட்டருக்கு ஒரு கிராம் அளவுக்குப் புழுதி இருந்தால் எதிரே நிற்கும் ஆளே தெரியமாட்டார். ரோட்டவேட்டர் கிளப்பும் புழுதி நாள் முழுவதும் சராசரியாக அதில் பத்தில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நாளில் 140 கிராம் மண் எஞ்சின் காற்றிழுக்கும் குழாயின் வாயருகே வந்து நிற்கிறது. சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் மேடான தேரிக்காட்டை ஒட்டிய முருங்கைத் தோட்டத்தில், ஆனி ஆடி மேல்காற்றில் உழும் உனக்கு இந்தக் கணக்கு மிகையாகத் தோன்றாது.

மண் என்றாலும் உன் ஊர் மண் தனி ரகம். தேரியின் செம்மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். அதன் மேல் இரும்புச் சத்து பூசியதால்தான் அந்தச் சிவப்பு. குவார்ட்ஸ் துண்டில் கத்தி முனையால் கீறினால் கோடு விழாது, குவார்ட்ஸால் கத்தியில் கீறினால் விழும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7, கத்தி இரும்புக்கு ஐந்தரையை ஒட்டிய அளவு. நம் கண்ணுக்குத் தெரிகிற மணலைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. அது பெரும்பாலும் கீழே விழுந்துவிடும், இல்லையென்றால் எந்த வடிகட்டியிலும் சிக்கிவிடும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால், அதில் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள்களே எஞ்சினைக் கொல்பவை. ரிங்குக்கும் லைனருக்கும் இடையில் இருக்கும் ஆயில் படலம் சில மைக்ரான்தான். அதைவிடச் சற்றே பெரிய துகள் ஒன்று நடுவில் புகுந்தால் இரண்டு உலோகங்களையும் ஒரே நேரத்தில் தொட்டு அரைக்கிறது. பிறகு ஆயிலோடு கீழே இறங்கி பேரிங்குகளையும் பதம் பார்க்கிறது. முதலில் தேய்வது மேல் ரிங். அதனால்தான் எரிந்த வாயு கீழே கசிந்து உன் புரீதரில் புகையாக வருகிறது.

அப்பாவின் பழைய டிராக்டர் இருபது வருடம் இதே மண்ணில் ரிங் மாற்றாமல் ஓடியதே என்று எழுதியிருக்கிறாய். அதில் இருந்தது ஆயில் பாத் ஏர் கிளீனர். காற்று நடுக்குழாய் வழியாகக் கீழே இறங்கி, கிண்ணத்தில் இருக்கும் ஆயிலில் மோதி, சட்டென்று மேல்நோக்கித் திரும்புகிறது. கனமான புழுதியால் அவ்வளவு விரைவில் திரும்ப முடியாமல் ஆயிலில் விழுந்துவிடுகிறது. தப்பிய துகள்களை, மேலே ஆயில் சாரலில் நனைந்திருக்கும் கம்பி வலை பிடித்துக்கொள்கிறது; அந்த ஆயில் மீண்டும் சொட்டும்போது அழுக்கையும் கிண்ணத்துக்கே கொண்டுவந்துவிடுகிறது. உன் அப்பா காலையில் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் எவ்வளவு சேறு தங்கியிருக்கிறது என்று விரலைவிட்டுப் பார்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சேறு ஏறியிருந்தால் கிண்ணத்தை டீசலில் கழுவி, எஞ்சினுக்கு ஊற்றும் அதே ஆயிலைக் கோடு வரை ஊற்றுவார். கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு விடமாட்டார். மிகுதியான ஆயிலை எஞ்சின் இழுத்துக்கொண்டால் டீசல் எஞ்சின் அதையே எரிபொருளாக எரித்துக் கட்டுக்கடங்காமல் ஓடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கவனித்தாயா, அப்பா தினமும் திறந்தார், அதனால் எந்தக் கெடுதலும் வரவில்லை. அழுக்கு முழுவதும் ஆயிலில் கட்டுண்டு கிடந்தது. கழற்றும்போது பறந்துபோய் வேறெங்கும் விழவில்லை. அவரிடம் கற்ற நல்ல பழக்கத்தைத்தான் நீ உன் புது டிராக்டரின் காகித வடிகட்டிக்கும் கொண்டுவந்தாய். அங்கேதான் தவறு நேர்ந்தது.

காகித வடிகட்டி நம் வீட்டுச் சல்லடையைப் போல ஓட்டையின் அளவால் மட்டும் சலிப்பதில்லை. காற்று நாருக்கு நார் வளைந்து போகும்போது துகள்கள் வளைய முடியாமல் நாரில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. மிக நுண்ணிய துகள்கள் அங்குமிங்கும் அலைந்து நாரில் சிக்குகின்றன. இப்படி ஒட்டிய புழுதி ஒரு மெல்லிய படலமாகப் படிந்ததும், அந்தப் படலமே அடுத்து வரும் புழுதியை வடிகட்டத் தொடங்குகிறது. அதனால் புத்தம்புது வடிகட்டியைவிட, சில நாள் ஓடிச் சற்று அழுக்கேறிய வடிகட்டி நன்றாக வேலை செய்யும். நீ ஒவ்வொரு மாலையும் காற்றடித்து அந்தப் படலத்தைக் கலைத்துவிட்டு, மறுநாள் காலை மீண்டும் முதலிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறாய். பஞ்சர் கடைக் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டுக்கு மேல் வரும். காகிதம் தாங்குவது முப்பது பவுண்டு, அதுவும் உள்ளிருந்து வெளியே, முனையைச் சற்றுத் தள்ளிப் பிடித்து அடித்தால்தான். இதற்கு மேல், கழற்றும் ஒவ்வொரு முறையும் வடிகட்டி இருக்கும் கூட்டின் விளிம்பில் இருக்கும் மண் உள்பக்கம் உதிர்கிறது. மாட்டும் ஒவ்வொரு முறையும் ரப்பர் விளிம்பு முன்பு உட்கார்ந்த இடத்தில் சரியாக உட்காரும் என்று சொல்ல முடியாது.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். பட்டறையில் சேர்ந்த மூன்றாம் வருடம், அறுவடைக் காலத்தில் வந்த ஓர் இயந்திரத்தின் வடிகட்டியை முழு அழுத்தத்தில் ஊதிச் சுத்தமாகிவிட்டது என்று மாட்டி அனுப்பினேன். அந்தப் பருவம் முடிவதற்குள் எஞ்சின் தேய்ந்து, பிரித்துச் சரிசெய்யும் வேலைக்கு வந்துவிட்டது. வடிகட்டிக்குள் பல்பு வைத்து இருட்டறையில் பார்த்தபோது, ஒரு மடிப்பின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. வண்டிக்காரர் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவருடைய அந்த மௌனம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

மேலே சொன்ன 140 கிராமையே எடுத்துக்கொள். ஆயில் பாத் நூற்றுக்கு 97 பங்கைப் பிடித்தால் நாளொன்றுக்கு நாலு கிராமுக்கு மேல் எஞ்சினுக்குள் போகும். நல்ல காகித வடிகட்டி 99.9 பங்கைப் பிடித்தால் 0.14 கிராம்தான் போகும். பழையதே மேல் என்று நீ எண்ண வேண்டாம். புதியது முப்பது மடங்கு மேல், தொந்தரவு செய்யாமல் விட்டால்.

எஞ்சின் காற்றை வடிகட்டும் இந்த வேலையில் பெயர்பெற்ற ஒரு தொடக்கமும் உன்னைப் போன்ற ஒரு விவசாயியின் புழுதி வயலில்தான். 1915இல் ஃபிராங்க் டொனால்ட்சன் என்ற அமெரிக்க டிராக்டர் விற்பனையாளர், அடிக்கடி கெட்டுப்போகும் ஒரு வண்டியைச் சரிசெய்ய யூட்டாவுக்குப் போனார். வண்டியில் குறை இல்லை, அது குடிக்கும் புழுதியில்தான் குறை என்று கண்டு, கம்பிக் கூட்டில் வாத்தின் மென்மயிரைச் சுற்றி ஒரு வடிகட்டி செய்து மாட்டினார். வண்டி ஓடியது; ஆனால் விற்ற வண்டியில் குறை இருப்பதாகக் காட்டிவிட்டார் என்று அவருடைய வேலை போயிற்று. அதன் பிறகு அவர் அந்த வடிகட்டியையே தொழிலாக்கிக்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் மால்ட்டாவுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் போன ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானங்களில் மூக்கின் அடியில் பெரிய வடிகட்டியைப் பொருத்தினார்கள். எஞ்சின் பிழைத்தது, விமானத்தின் வேகம் குறைந்தது. பிறகு எகிப்தின் அபூகீர் பட்டறையில் அதைச் சிறிதாக்கிச் செய்தார்கள். புழுதியையும் தடுக்க வேண்டும், மூச்சையும் அடைக்கக் கூடாது என்ற இழுபறி விமானத்துக்கும் உன் டிராக்டருக்கும் ஒன்றுதான்.

இனி ரிங் வேலை முடிந்து வண்டி வந்ததும் நீ செய்ய வேண்டியதை எழுதுகிறேன். வெளி வடிகட்டி, உள் வடிகட்டி இரண்டையும் புதிதாகப் போடு. உள்ளே இருக்கும் சிறியதை ஒருபோதும் ஊதாதே. வெளியிலுள்ளதை மூன்று முறை மாற்றும்போது அதை ஒருமுறை மாற்றினால் போதும். மீட்டர் பலகையில் அடைப்பு விளக்கு எரிந்தாலோ, குழாயில் உள்ள காட்டி சிவப்புக்கு வந்தாலோ தவிரக் கூட்டைத் திறக்காதே. கூட்டின் அடியில் தொங்கும் ரப்பர் வால்வை மட்டும் தினமும் விரலால் அமுக்கி மண்ணை உதிர்த்துவிடு. அது கிழிந்தால் அன்றே மாற்று, துணி வைத்து அடைக்காதே. பானெட்டுக்கு மேல் கண்ணாடிக் கிண்ணம்போல இருக்கும் பிரீ கிளீனர் ஒன்றைப் பொருத்திக்கொள். காற்றைச் சுழற்றிப் பெருமணலை ஓரத்தில் ஒதுக்கிவிடும், தேரி மண்ணுக்கு அதைவிட ஏற்றது வேறில்லை.

எல்லாவற்றுக்கும் முன்பாக, வடிகட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயைப் பார். வடிகட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கிளாம்ப் தளர்ந்தாலோ மடிப்பில் வெடிப்பு இருந்தாலோ காற்று அந்த வழியாகத்தான் வரும், புழுதியோடு வரும். குழாயைக் கழற்றி உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார். கரிசல்காட்டில் கண்டுபிடிக்கச் சற்று நேரமாகும், உன் ஊரிலோ சிவப்பு உடனே சொல்லிவிடும். சந்தேகம் தீரவில்லையென்றால், உள்சுவரில் மெல்லிய கிரீஸ் பூசி, ஒரு நாள் உழுதுவிட்டுத் திறந்து பார். கிரீஸ் சுத்தமாக இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம்.

புரட்டாசியில் பேத்தியைப் பார்க்க நானும் வீட்டுக்காரியும் வருகிறோம். கழற்றிய பழைய வடிகட்டியைத் தூக்கி எறிந்துவிடாதே. ஒரு பையில் கட்டி அப்படியே வை. வெட்டிப் பார்த்தால், மண் மடிப்பின் வழியாகப் போனதா, விளிம்பின் வழியாகப் போனதா என்று தெரிந்துவிடும்.

உன் அன்புள்ள
பட்டறைத் தோழன்