தவிட்டுப் பிரசாரகனின் சரணாகதி

அன்புள்ள சண்முகம்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணமல்ல, வெட்கம்தான். 20 ஆண்டுகளாக உன் தட்டில் வெள்ளைச் சோற்றைக் கண்டபோதெல்லாம் "வெறும் மாவை விழுங்குகிறாயே" என்று கடிந்துகொண்ட நான், இப்போது மருத்துவ ஆலோசனையின்படி அதே சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சங்கரியிடம் மட்டும் சொல்லிவிடாதே. அந்தத் தவிட்டு பிஸ்கட் விவகாரத்தை அவள் இன்னும் மறக்கவில்லை.

என் சிறுநீரகங்களின் வடிகட்டும் திறன் 42-க்கு இறங்கிவிட்டது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் ஏறவில்லை. பொட்டாசியம் 5.6, பாஸ்பரஸும் வரம்புக்கு மேல். முதல் அறிக்கை வந்த இரவே அகப்பட்ட பட்டியல்களையெல்லாம் படித்து, அரிசி, கோதுமை, கிழங்கு என்று ஒவ்வொன்றுக்கும் அஞ்சி, அரை வயிற்றோடு கிடந்து நான்கு கிலோ இளைத்தேன். உணவியல் நிபுணர் பாராட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனால் நன்றாகத் திட்டு விழுந்தது. மாவுச்சத்து போதாவிட்டால் உடல் தன் தசையையே கரைத்து எரிக்குமாம். அதில் பிறக்கும் யூரியாவை வெளியேற்றும் வேலையும் இந்த நொந்த சிறுநீரகங்களின் தலையில்தான் விழுமாம்.

தானியத்தின் பொட்டாசியமும் பாஸ்பரஸும் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் இருக்கின்றன. தீட்டிய அரிசிச் சோறு ஒரு கோப்பையில் ஏறத்தாழ 55 மில்லிகிராம் பொட்டாசியம்தான்; தீட்டாத அரிசியில் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனாலும் என் பழைய கட்சி முழுதாகத் தோற்றுவிடவில்லை. தவிட்டிலுள்ள பாஸ்பரஸ் பைட்டேட் என்ற, நம் குடலால் எளிதில் உடைக்க முடியாத சேர்மமாகப் பூட்டிக் கிடப்பதால் அதில் ஒரு பகுதியே உடலில் சேர்கிறது; பதப்படுத்திய உணவில் கலக்கும் பாஸ்பேட் உப்புகளோ பெரும்பகுதி இரத்தத்தில் ஏறிவிடுகின்றன. ஆகவே, இரத்தத்தில் பொட்டாசியம் சரியாக இருப்பவர் முழுத்தானியத்தை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு நாளைக்குச் சோடியம் 2 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்றிருக்கையில், நான் புனிதமாகக் கருதிய முழுக்கோதுமை ரொட்டியின் உறையைத் திருப்பிப் பார்த்தேன்: 100 கிராமில் 450 மில்லிகிராம். உடனடி நூடுல்ஸ் உறையை முழுதாகப் படிக்கும் தைரியம் வரவில்லை.

உருளைக்கிழங்கைத் துறக்க வேண்டியிருக்கவில்லை. சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் மறுபடி வேகவைத்தால் பொட்டாசியத்தில் பாதியளவு வெளியேறிவிடும். வெறுமனே ஊறவைப்பதால் அவ்வளவு பயனில்லை. முதல் முறை, வீணாக்கலாமா என்று வடித்த நீரைச் சூப்பில் ஊற்றிக் குடித்த அறிவாளி நான்தான்.

இனி விளையாட்டில்லை, சண்முகம். கடந்த கடிதத்தில் மாலையானால் கால் வீங்குகிறது, செருப்பு சுருங்கிவிட்டதோ என்று ஒரு வரி எழுதிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாய். உனக்குச் சர்க்கரை வந்து 12 ஆண்டுகளாகின்றன. சிறுநீரகம் கெடுவதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேறில்லை. என் சோற்றுக் கணக்கை நீ அப்படியே பின்பற்றாதே. வெள்ளைச் சோறு உன் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவையும், சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதத்தையும் கடைசியாக எப்போது பரிசோதித்துப் பார்த்தாய்? பதிலில் வேறெதுவும் எழுத வேண்டாம், அந்த இரண்டு எண்களை மட்டும் எழுது.

உன்,
ராகவன்