மகனுக்கு: மூன்றாவது அத்தியாயம் பற்றி

பாளையங்கோட்டை,
ஐப்பசி 6

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. அமெரிக்காவில் நீ இருக்கும் ஓஹையோ மாநிலத்து மாசிலன் ஊரின் பள்ளிக் கால்பந்து அணியைப் பற்றி நீ எழுதி அனுப்பிய மூன்று அத்தியாயங்களும் வந்தன. அப்பா கடையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்து தந்தார். திரையில் படித்தால் எனக்குச் சிவப்பு மையில் கோடு போட முடியாது. கோடு போடாமல் படித்தால் படித்த மாதிரியே இருக்காது. பக்கத்துக்குப் பக்கம் திருத்தியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பத்தாம் வகுப்புத் தாள் திருத்திய கை அப்படித்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கணினிக்குள்ளேயே கிடக்கும் பிள்ளைக்கு இவ்வளவு நன்றாக எழுத வரும் என்று நான் நினைக்கவில்லை. மாசிலன் என்ற பெயரை நம் தெருவில் யாருக்குத் தெரியும்? எனக்கு இப்போது அந்த ஊரின் இரும்பாலைப் புகை கண்ணில் எரிகிறது. ஊரின் ஜனத்தொகை சுமார் 32,000. பள்ளிப் பிள்ளைகள் விளையாடும் மைதானத்தில் 16,000 பேருக்கு மேல் உட்காரலாம் என்று அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "பாதி ஊரா!" என்றார். அப்புறம் பக்கத்து வீட்டு வாத்தியாரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கால்பந்து என்றால் காலால் உதைப்பது என்று வாத்தியார் நினைத்துக்கொண்டிருந்தார். கையில் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுவதும், எதிரே வருகிறவன் மேலே விழுந்து சாய்ப்பதும்தான் ஆட்டம் என்று அப்பா விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

பால் பிரௌனைப் பற்றிய அத்தியாயம்தான் எனக்குப் பிடித்தது. அதே பள்ளியில் ஆடிய பையன், 1932-இல் 24 வயது முடிவதற்குள் அதே பள்ளிக்குப் பயிற்சியாளராகத் திரும்பி வருகிறார். ஒன்பது வருஷத்தில் 80 வெற்றி, 8 தோல்வி, 2 சமன். இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆட்ட முறைகளை ஒரு நோட்டில் எழுதி, பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைத்து, பரீட்சையும் வைத்தார் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் ஓரத்தில் இரண்டு கோடு போட்டேன். நல்ல ஆசிரியர். கறுப்பினப் பிள்ளைகளைப் பல பள்ளிகள் சேர்க்காத காலத்தில் அவர் சேர்த்து ஆடவைத்தார் என்பதை இன்னும் விரித்து எழுது. ஹொரேஸ் கில்லம் பற்றி ஒரே ஒரு பத்தி போதாது.

இப்போது திருத்தத்துக்கு வருகிறேன். 1940-ஆம் வருஷ அணி எடுத்தது 477 புள்ளி, கொடுத்தது 6 என்று நீ மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். ஒரு இடம் போதும். அதற்குப் பதில் அந்த 6 புள்ளியை எடுத்த பக்கத்து ஊர் கேன்டனின் மெக்கின்லி பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி எழுது. 1894 முதல் மோதிக்கொள்கிற ஊர், காரில் போனால் கால் மணி நேரம் என்கிறாய். அந்த ஊர்ப் பத்திரிகையைப் பார்த்தாயா? உன் அடிக்குறிப்பு முழுக்க மாசிலன் பத்திரிகையும் மாசிலன் ஆதரவாளர் சங்கத்தின் மலர்களும்தான். ஜெயித்தவன் எழுதிவைத்த கல்வெட்டை மட்டும் வைத்து வரலாறு எழுதினால் அதற்குப் பெயர் மெய்க்கீர்த்தி. நம் சோழர்களை அப்படித்தான் பாதிப் பேர் எழுதித் தள்ளினார்கள்.

1937. இந்த வருஷத்தில்தான் எனக்கு நிறையக் கேள்வி. அந்த ஜூலையில் உன் ஊரில் இரும்பாலை வேலைநிறுத்தம் நடந்தது. 11-ஆம் தேதி ராத்திரி தொழிற்சங்க அலுவலகத்துக்கு வெளியே துப்பாக்கிச் சூடு, மூன்று தொழிலாளிகள் இறந்தார்கள். இரண்டே மாதத்தில் ஆட்டம் தொடங்குகிறது. வேலைநிறுத்தம் செய்தவன் மகனும், செய்யாமல் உள்ளே போனவன் மகனும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்றிருப்பார்கள் அல்லவா? நீ அதை ஒரு வார்த்தை எழுதவில்லை. அங்கேதான் கதை இருக்கிறது.

அதே வருஷம்தான் நியூ காசில் அணியிடம் 7-0 என்று தோற்றார்கள். 1935-இலிருந்து 1940 வரைக்கும் அந்த ஒரே தோல்வி. அதற்கு நீ கொடுத்திருப்பது ஒன்றரை வரி. "பல வீரர்களுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது." சரி. காய்ச்சல் கண்ட பிள்ளைகளை உட்காரவைத்தார்களா, ஆடவைத்தார்களா? பெற்றவர்கள் என்ன சொன்னார்கள்? அனுப்பினார்களா? ஒரு தாயாவது கதவைச் சாத்திக்கொண்டு, இன்றைக்கு என் பிள்ளை வரமாட்டான் என்று சொல்லியிருக்க மாட்டாளா?

தம்பி, நான் மூன்று அத்தியாயத்தையும் இரண்டாம் தடவை புரட்டியது இதற்காகத்தான். முதல் அத்தியாயத்தில் அடி இருக்கிறது, சாவுகூட இருக்கிறது. 1905-இல் மைதானத்தில் பிள்ளைகள் செத்துப்போனதால் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார், அடுத்த வருஷம் பந்தை முன்னால் எறியலாம் என்று விதியை மாற்றினார்கள் என்று அழகாக எழுதியிருக்கிறாய். மாசிலன் ஜெயிக்க ஆரம்பித்த பிறகு யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அத்தனை வருஷத்தில் ஒருவனுக்குமா மண்டையில் அடிபடவில்லை? தோல் தொப்பி போட்டுக்கொண்டு ஆடிய காலம். பள்ளி நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகளில் வைத்தியச் செலவு இருக்கும், தேடு. அவசரப்பட்டு அச்சுக்குக் கொடுக்காதே.

பிரௌனின் முகத்தடுப்புக் கதையையும் நீ வெற்றிக் கதையாகவே எழுதியிருக்கிறாய். 1953-இல் கிளீவ்லாந்தில் அவருடைய தொழில்முறை அணியில் ஆடிய ஓட்டோ கிரஹாமின் முகத்தில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். தலைக்கவசத்தில் பிளாஸ்டிக் தடுப்பைப் பொருத்தி அன்றைக்கே திரும்ப ஆட இறக்கினார். உனக்கு அது கண்டுபிடிப்பாகத் தெரிகிறது. எனக்கு அந்த "அன்றைக்கே"தான் தெரிகிறது. பல்லையும் தாடையையும் அது காப்பாற்றியிருக்கும். மண்டைக்குள் குலுங்குவதை எந்தக் கவசம் நிறுத்தும்?

பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வை அப்பா எடுத்துக் கொடுத்தார், 2017-இல் வந்தது. இறந்துபோன தொழில்முறை ஆட்டக்காரர்கள் 111 பேரின் மூளையைப் பார்த்ததில் 110 பேருக்குச் சிதைவு. பள்ளியோடு ஆட்டத்தை நிறுத்தியவர்கள் 14 பேரில் 3 பேருக்கு. நீ உடனே சொல்லப்போவது எனக்குத் தெரியும்: சந்தேகம் இருந்த குடும்பங்கள்தான் மூளையைக் கொடுத்திருப்பார்கள், அதனால் எல்லோருக்கும் அந்த விகிதம் பொருந்தாது. அதை நானும் படித்தேன். அம்மாவுக்கும் கணக்கு தெரியும். ஆனால் அந்த 3 பேரும் யாரோ பெற்ற பிள்ளைகள்.

உன் மாநிலத்துச் சட்டத்தையும் பார்த்தேன். 2013 முதல் அமலில் இருக்கிறது. மூளை அதிர்ச்சியின் அறிகுறி தெரிந்தால் பிள்ளையை உடனே வெளியே எடுக்க வேண்டும், அன்றைக்குத் திரும்ப இறக்கக் கூடாது, மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் மறுபடி ஆட்டம். பெற்றவர்களுக்கும் அறிகுறிகளை அச்சடித்த தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்களாம். நீயும் போட்டிருப்பாய். படித்துப் பார்த்துத்தான் போட்டாயா? தலைவலி, வாந்தி, மறதி, எரிச்சல், வெளிச்சத்தைக் கண்டால் கண் கூசுவது. இத்தனையும் அதில் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீங்கள் பேசியபோது அங்கே காலை பத்தரை. உனக்குப் பின்னால் கூடம் முழுக்க வெயில். பேரன் அறைக் கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே ஜன்னல் திரை இழுத்துவிட்டு இருட்டாக இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் கால் மட்டும் தெரிந்தது. "ஆச்சியிடம் வந்து பேசு" என்று நீ கூப்பிடவில்லை. நான் கேட்டதற்கு, சளி, படுத்திருக்கிறான் என்றாய். அதற்கு முந்தின வாரம் வெளியே போயிருக்கிறான் என்றாய். மருமகளும் இரண்டு வார்த்தையோடு வைத்துவிட்டாள். அவள் அப்படிப் பேசுகிற பெண் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சளிக்கு யாரும் திரையை இழுத்துவிட மாட்டார்கள் என்பதை மட்டும் மனதில் போட்டுக்கொண்டேன். "எதற்கெடுத்தாலும் கலவரப்படாதே அம்மா" என்று நீ ஆடி மாதம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கலவரப்படவில்லை. உன் மூன்றாவது அத்தியாயத்தைத்தான் கேட்கிறேன்.

அவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரித் தொட்டிலில் ஒரு குட்டிப் பந்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஊரில் பிறக்கிற ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் ஆதரவாளர் சங்கம் கொடுப்பது என்று நீ சொன்னபோது எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. நம் ஊரில் மாமன் அரைஞாண் போடுவான், இவர்கள் பந்து போடுகிறார்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பெருமைதான். அவன் ஒன்பதாம் வகுப்பு அணியில் சேர்ந்ததற்கும் பெருமைதான். ஆரஞ்சும் கறுப்பும் போட்டு நிற்கிற படத்தை அப்பா கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லாம் போலீஸ் வேலையா என்று கேட்கிறார்கள்.

அதனால் ஆட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவசரப்பட வேண்டாம் என்கிறேன். மாத முடிவில் கேன்டன் ஆட்டம் வருகிறது, ஊரே பித்துப் பிடித்து நிற்கும், பயிற்சியாளர் கேட்பார், கூட ஆடுகிறவன் கேட்பான், அவனே கெஞ்சுவான். அவசரப்படாதே. மாசிலன் எத்தனை வருஷம் காத்திருந்தது? ஓஹையோவில் 1972-இல் நாக்-அவுட் முறை வந்தது. அதில் அவர்கள் முதல் தடவை ஜெயித்தது 2023-இல், ஹோபன் பள்ளியோடு 7-2. நீயே எழுதியிருக்கிறாய், ஒரு தலைமுறை முழுக்க இறுதி ஆட்டம் வரை போய்ப் போய்த் தோற்றுத் திரும்பியது என்று. ஊரே அரை நூற்றாண்டு பொறுத்திருக்கிறது. ஒரு பையன் ஒரு வருஷம் பொறுக்க மாட்டானா?

கோவில்பட்டி மாமாவைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. அடுத்த வாரமே மட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு நடந்ததும் உனக்குத் தெரியும், பெரிய ஆச்சி கடைசிவரைக்கும் வாசல் சாவியை இடுப்பிலேயே ஏன் முடிந்து வைத்திருந்தாள் என்பதும் தெரியும். அப்போது அதற்குப் பெயர் சொல்லக்கூட யாருக்கும் தெரியாது. இப்போது தெரிகிறது. அதுதான் வித்தியாசம்.

ஊர்ச் செய்தி நிறைய இருக்கிறது, எழுத மனம் ஓடவில்லை. மேல வீட்டுக் கல்யாணம் தை மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வருகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. முறுக்கும் அதிரசமும் தீபாவளிக்கு முன்னால் கூரியரில் போட்டுவிடுவேன்; அவனுக்கென்று தனியாகத் தேன்குழல் கட்டுகிறேன், அதில் நீ கை வைக்காதே.

மூன்றாவது அத்தியாயத்தை மறுபடி எழுது. காய்ச்சல் ஆட்டத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடு. அடிபட்டவர்கள் இன்னும் அந்த ஊரிலேயே வயதாகி இருப்பார்கள். சங்கத்துக்காரர்கள் கைகாட்டுகிற ஆட்களிடம் மட்டும் போகாமல், ஆட்டத்தைப் பாதியில் விட்டவர்களையும் தேடிப்பிடித்து உட்கார்ந்து பேசு. அவர்கள் மனைவிகளிடம் பேசு, அவர்களுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்துக்குக் கூப்பிடுகிறேன். ஃபோனை அவன் கையில் கொடு. பழைய ஸ்கோர்களை எல்லாம் ஒப்பிப்பானே, நான் வருஷத்தைச் சொல்கிறேன், அவன் ஸ்கோரைச் சொல்லட்டும். திரையைத் திறக்க வேண்டாம், இருட்டிலேயே பேசட்டும். எனக்குக் குரல் போதும்.

அன்புடன்,
அம்மா

பி.கு. - அப்பா இவ்வளவையும் படித்துவிட்டு, "எட்டுப் பக்கம் எழுதிக் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லையே" என்கிறார். அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: அடி எந்தத் தேதியில் பட்டது, மயக்கம் வந்ததா, டாக்டர் என்ன எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பு.