நூறு ரூபாய்க்குக் கைப்பின்னல் சாக்ஸா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் சீசன் கடைகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், 'கையால் பின்னிய கம்பளி சாக்ஸ் ஜோடி நூறு ரூபாய்' என்று ஒரு வரி இருந்தது. பள்ளியில் கைவேலை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

பெரியவர்கள் போடும் ஒரு ஜோடிக்கு ஏறக்குறைய 100 கிராம் நூல் வேண்டும். மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளியில் நல்ல நூல் என்றால் அதற்கே நூறு ரூபாயைப் போல் பல மடங்கு ஆகும். அதற்கு மேல் டிசைன் போட்டுப் பின்ன, கை பழகியவருக்கே இருபது மணி நேரம் பிடிக்கும். ஏரிக்கரையில் நூறு ரூபாய்க்குத் தொங்குவது மெஷினில் போட்ட அக்ரிலிக் என்ற செயற்கை நூல் சாக்ஸ். அதில் தப்பொன்றும் இல்லை. மலிவு, துவைக்கச் சுலபம். அதைக் கைப்பின்னல் கம்பளி என்று சொல்லி விற்பதுதான் தப்பு. இங்கே வீட்டில் உட்கார்ந்து பின்னும் பெண்கள் தங்கள் சாக்ஸைக் கடைக்குக் கொண்டுபோனால், 'இதே கைப்பின்னல் அங்கே நூறுக்குக் கிடைக்கிறதே' என்ற பதிலோடு திரும்பி வருகிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சாக்ஸை உட்புறம் திருப்பி, கால்விரல் வரும் முனையைத் தடவிப் பாருங்கள். மெஷின் சாக்ஸில் பெரும்பாலும் அங்கே ஒரு தையல் விளிம்பு குறுக்கே ஓடும். கைப்பின்னலில் கடைசிக் கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை, எதிரெதிராக வைத்து ஊசியால் கோத்து முடிப்பதால் விளிம்பே தட்டாது. விளிம்பு உரசினால் காலில் புண்ணாகக்கூடிய சர்க்கரை நோயாளிகளுக்கு இது சின்ன விஷயமல்ல. அடுத்து, ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி, முடி கருகும் நாற்றத்தோடு பொசுங்கி, நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும்; சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும்.

கட்டுரையாளர், 'டிசைன் சாக்ஸ் எல்லாம் மெஷின் தந்த வசதி' என்றும் எழுதியிருந்தார். வில்லியம் லீ இங்கிலாந்தில் முதல் காலுறை இயந்திரத்தைச் செய்தது 1589-இல். அதற்கு முன்பே, 1562-இல், ஃபுளோரன்ஸில் எலியனோரா டி டொலிடோ என்ற சீமாட்டியை அடக்கம் செய்தபோது அணிவித்திருந்த சிவப்புப் பட்டுக் காலுறையில் முன்பக்கம் மேடாக நிற்கும் பர்ல் என்ற கண்ணியால் எழுப்பிய டிசைன் இருக்கிறது. லீயின் இயந்திரத்துக்கோ சாதாரணப் பின்னல் மட்டும்தான் வந்தது. அதில் ரிப், அதாவது நெடுக மேடும் பள்ளமுமாக வரும் பின்னல், போட வைக்க ஜெடிடயா ஸ்ட்ரட் தனிக் கருவி சேர்த்தது 1750-களின் கடைசியில். கை அறிந்த வித்தையைப் பிடிக்க மெஷினுக்கு அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

அந்த மேடுபள்ளம் வெறும் அழகுக்கும் அல்ல. நிட் என்ற சாதாரணக் கண்ணி முன்பக்கம் வழவழப்பாக அமரும். பர்ல் போட்டால் அதன் முடிச்சு முன்னால் துருத்தும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் வரும் பள்ளங்களில் காற்று தங்குகிறது. உறைபனிக் காலையில் காலுக்குச் சூடு கொடுப்பது அந்தக் காற்றுதான். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று நெடுக விட்டால் ரப்பரே இல்லாமல் சாக்ஸ் கெண்டைக்காலைப் பிடித்து நிற்கும். உள்ளங்காலில் மட்டும் டிசைன் வேண்டாம், உறுத்தும்.

குதிகால்தான் எனக்கு உயிர். சாக்ஸின் சுற்று 64 கண்ணி என்றால் பாதியை, 32-ஐ, ஓர் ஊசியில் நிறுத்தி, ஒன்றைப் பின்னாமல் நகர்த்தி அடுத்ததைப் பின்ன வேண்டும். நகர்த்திய கண்ணிக்குப் பின்னால் நூல் குறுக்கே ஓடுவதால் அந்த இடம் இரட்டைத் தடிமனாகும். செருப்பு உரசினாலும் தாங்கும். பிறகு வரிசையை நடுவிலேயே நிறுத்தித் திருப்பித் திருப்பிப் பின்னும்போது, தட்டையாக இருந்த பின்னல் கிண்ணம் போலக் குழியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்குள் கையை விட்டு விட்டுப் பார்ப்பார்கள்.

கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கி.மீ. தொலைவில் மன்னவனூரில் மத்திய ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மெல்லிய கம்பளி தரும் பாரத் மெரினோ ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் அந்த ஆடுகளோடு படம் எடுத்துக்கொண்டு, ஏரிக்கரைக்கு வந்து அக்ரிலிக் வாங்கிப் போகிறார்கள். அந்தக் கம்பளியை நூலாக்கி மலையிலுள்ள மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு நியாய விலையில் தர வழி செய்யக் கூடாதா?

அதற்கு நாளாகலாம். உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கையா மெஷினா, கம்பளியா அக்ரிலிக்கா என்று ஒவ்வொரு கடையும் அட்டையில் எழுதித் தொங்கவிட நகராட்சி உத்தரவிட வேண்டும். உங்கள் நிருபரும் அடுத்த முறை கைப்பின்னல் என்று எழுதுமுன் சாக்ஸின் விரல் முனையைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கைவேலை ஆசிரியை,
கொடைக்கானல்.