நங்கூரம் இருக்கிறதா பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ சொன்ன ஆறு டீ ஸ்பூன்களும் ராத்திரி முழுக்க என் கண்ணுக்குள்ளேயே நின்றன. நீயாகவே ஒரு கடைக்குள் போய்ப் பழைய வெள்ளியைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாய்! சின்ன வயதில் சனிக்கிழமை காலையில் போர்ட்டபெல்லோ பழம்பொருள் சந்தைக்கு உன்னைக் கூட்டிப் போவேன், குளிருகிறது என்று அழுவாய்.

பணம் கொடுக்கும் முன் காம்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார். நடக்கும் சிங்க முத்திரை இருந்தால் ஸ்டெர்லிங், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. கூடவே நங்கூரம் இருந்தால் உன் பர்மிங்காமிலேயே சோதித்துத் தர முத்திரை வாங்கியது. 1773 வரை அந்த ஊர்த் தட்டார்கள் செய்த சாமானை முத்திரைக்காக செஸ்டருக்கோ லண்டனுக்கோ வண்டியில் அனுப்ப வேண்டியிருந்தது. போய் வருவதற்குள் கீறல், நசுங்கல். அந்த ஊர்த் தொழிலதிபர் மத்தியூ போல்ட்டன் நாடாளுமன்றம் வரை போய் மன்றாடிய பிறகுதான் ஊருக்குச் சொந்த முத்திரை வந்தது. ராஜா தலையோ ராணி தலையோ இருந்தால் பெரும்பாலும் 1784க்கும் 1890க்கும் இடையில் வரி கட்டியது.

ஈ.பி.என்.எஸ். என்று இருந்தால் வெறும் முலாம், நிக்கல் கலவை உலோகத்தின் மேல் மின்சாரத்தால் ஏற்றிய வெள்ளிப் பூச்சு. லண்டனுக்கு வந்த புதிதில் வரிசையாக நாலு சின்னத்தைப் பார்த்ததும் வெள்ளி என்று நம்பி ஒரு தட்டு வாங்கினேன். ஒரு மாதச் சேமிப்பு. ஓரம் தேய்ந்து மஞ்சள் தெரிந்தபோது உன் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம், கடைக்காரர் மெருகு போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம். நம் அலமாரியில் இருக்கும் ஹெஸ்டர் பேட்மன் ஸ்பூன் ஞாபகம் இருக்கிறதா? புருஷன் செத்த மறுவருஷம், 1761இல், தன் பெயரிலேயே முத்திரையைப் பதிவு செய்த லண்டன் வெள்ளித் தட்டார் மனுஷி. ஹெச்., பி. இரண்டும் கூட்டெழுத்தில், கிண்ணத்துக்குப் பக்கத்தில் காம்பில் இருக்கும். பளபளப்பாக்கிக் கொடு என்று ஒருத்தரிடம் கொடுத்தேன். சக்கரத்தில் பிடித்துவிட்டார். இப்போது ஹெச். பாதிதான் தெரிகிறது. இன்னும் ஆறவில்லை எனக்கு.

வாங்கினால் உள்ளே பூட்டி வைக்காதே, தினமும் டீக்கு எடு. புழங்கும் வெள்ளி சீக்கிரம் கறுக்காது. முட்டைக்கு மட்டும் வேண்டாம், கறுத்துவிடும். உப்பிலும் போட்டு வைக்காதே, அரித்துவிடும். வெந்நீர், கொஞ்சம் சோப்பு, மெத்தென்ற துணி போதும்.

ஆறும் ஒரே வருஷமா பார். இல்லாவிட்டாலும் பிடித்திருந்தால் வாங்கு. பணம் குறைந்தால் சொல், அனுப்புகிறேன். செய்த வருஷத்தைக் காட்டும் ஆண்டு எழுத்தும் முத்திரைகளோடு இருக்கும், அதை ஜன்னல் வெளிச்சத்தில் கிட்ட வைத்துப் படம் எடு. எந்த எழுத்து எந்த வருஷம் என்ற அட்டவணையை இப்போதே மேஜையில் விரித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா